கெலிண்டான் இல்லாத வண்டி

தர்மலிங்கம் லேசில் யாரையும் நம்பாத ஆள். பழைய வண்டி விற்கிறவனையா நம்பப் போகிறார்? சுங்கைப் பட்டாணியில் மோரிஸின் பட்டறைக்குள் நுழைந்தவர் நல்லது கெட்டது எதுவும் விசாரிக்கவில்லை. நேராகப் போய், அங்கே நின்ற லேண்ட் ரோவரின் பின்பக்கத்தைக் கையால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

மோரிஸ் கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டே வந்தான். நாற்பது வயதிருக்கும். "அண்ணே, உள்ள யாரும் இல்ல. கதவு தொறக்க மாட்டாங்க."

"நீ முன்னால ஏறி உக்காரு. நான் பின்னால தட்டுறேன். கேக்குதான்னு சொல்லு."

"எல்லாரும் இன்ஜின் சத்தத்த கேப்பாங்க, நீங்க என்னண்ணே..."

"ஏறுலா."

மோரிஸ் ஏறினான். தர்மலிங்கம் தட்டினார். அலுமினியத் தகடு காலிப் பால்டின் மாதிரி சத்தம் போட்டது. "லேசாக் கேக்குது" என்றான் மோரிஸ். இன்ஜினைப் போடச் சொல்லி மறுபடி தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் ஓட்டுகிற இடத்துக்கும் பின்னால் படுக்கிற பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதோடு லேண்ட் ரோவர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

காரணம் இருந்தது. சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஆயுசு பூராவும் ரப்பர்ப் பால் ஏற்றும் லாரி ஓட்டியவர். அவர் லாரியில் சின்னையாதான் கெலிண்டான். ஏற்றி இறக்குவதும், வண்டிக்குப் பின்னால் நின்று வழி சொல்வதும் கெலிண்டான் வேலை. மரப்பாலம் வந்தால் சின்னையா குதித்து இறங்கிப் பலகையை மிதித்துப் பார்ப்பான். லாரியின் பக்கப் பலகையில் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். கண்ணை நம்பி ஓட்டியதைவிட அந்தக் கையை நம்பி ஓட்டியதுதான் அதிகம். தர்மலிங்கம் நம்பியது உலகத்தில் அது ஒன்றைத்தான் என்றாலும் தப்பில்லை.

இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருஷம். வேலை முடிந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கணக்கெழுதும் கிராணி வந்து போய்விட்டான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல காலம், பிள்ளை கிடையாது. வாடகை அறை பார்க்கலாம் என்றவர்களிடம் தர்மலிங்கம், "நான் போற எடம் வேற" என்றார். லாரியில் போகும்போதெல்லாம் அவரும் சின்னையாவும் பேசிப் பேசி முடிவு பண்ணியது அது. ஓய்வு கிடைத்ததும் ஒரு வண்டி. அதிலேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர். தார் ரோடு முடிகிற இடத்தில் ஆரம்பித்து, சிக் ஊருக்கு மேலே மரம் இறக்கும் காட்டுப் பாதையில் ஏறி, ஆற்றோரம் நிறுத்தி மீன் பிடிக்க வேண்டியது. யாருக்கும் சலாம் போட வேண்டியதில்லை.

"எத்தன பேருண்ணே?" என்று கேட்டான் மோரிஸ்.

"ரெண்டு பேரு."

இன்னொரு வண்டி, சில்லறைச் சாமான் விற்க ஓடிய பழைய லாரி. பின்னால் பலகைப் பெட்டி, உள்ளே இரண்டு பக்கமும் இரண்டு கட்டில். படி தாழ்வு. சின்னையாவுக்கு முட்டி வலி, தாழ்ந்த படிதான் தோது. ஏறிப் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் இருந்தது. தட்டிப் பார்த்தார். பலகை நன்றாகப் பேசியது.

"அது ரோட்டு வண்டிண்ணே" என்றான் மோரிஸ். "பின் சக்கரம் மட்டுந்தான் இழுக்கும். மழ பேஞ்ச செம்மண்ணுல அப்படியே உக்காந்துரும். பாருங்க, சக்கரத்துக்குப் பின்னால எவ்வளவு நீட்டிக்கிட்டு நிக்குது. ஓடையில எறங்கி ஏறும்போது வாலு தரையில குத்தும். கட்டப் பாலம் இந்தக் கனத்தத் தாங்குமா? லேண்ட் ரோவர் சர்வே பண்றவங்க வச்சிருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும். தண்ணித் தொட்டியக் கீழ வச்சிருக்கான், ஆடாது. பெட்டியையும் ரப்பர் வச்சுத்தான் கட்டியிருக்கான், வண்டி முறுக்கினாலும் பெட்டி விரியாது."

"ஒரே ஒரு கட்டில்தான இருக்கு."

"ஒருத்தருக்கு உள்ளதுதான்."

விற்காமல் கிடக்கிற சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று தர்மலிங்கம் நினைத்தார். "லாரிய ஒரு நாளைக்குக் குடு. ஆள வச்சுப் பாக்கணும்."

"மோட்டார் சைக்கிள விட்டுட்டுப் போங்க."

விட்டார். அதன் சாவியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சின்னையா கரங்கானில் தன் மகன் வீட்டோடு இருந்தான். சிமெண்டுத் தரை, கலர் டிவி. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. லாரியைக் கண்டதும் வாசலுக்கு வந்து கம்பியைப் பிடித்து ஏறி, கட்டிலில் உட்கார்ந்து பார்த்தான். பிறகு படுத்தான். பிறகு தூங்கியே போனான். எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து தர்மலிங்கம் அவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டில் நீளம் சரி, காற்றும் வருகிறது. திருப்தியாக இருந்தது.

சின்னையாவின் பெண்டாட்டி பாப்பம்மா கோப்பி கொண்டுவந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு கெழவனும் காட்டுக்குப் போயி புலிக்கு விருந்து வைக்கப் போறீங்களா?"

"உன் புருசன புலி திங்காது. கறி முத்திப்போச்சு."

"நல்லா வேக வச்சா திங்கும்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

சத்தத்தில் சின்னையா எழுந்தான். கோப்பியைக் குடித்தான். கால் கீழே எட்டுகிறதா என்று பார்த்தான். எட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல கட்டிலு டைவரண்ணே. நான் வரல."

"முட்டியா? படியப் பாத்தியா, ஒனக்காகத்தான் இந்த வண்டி."

"முட்டி இல்லண்ணே."

"மகன் விடமாட்டேங்குறானா?"

"அவன் என்ன விடுறது." சின்னையா தலையைச் சொறிந்தான். "மனசுல வச்சுக்காதீங்க. காடு, ஆறு, மீனு எல்லாம் நாம பேசினதுதான். ஆனா எதுக்குப் பேசினேன்? விடியக்காத்தால பால் ஏத்தப் போறோம், உங்களுக்குக் கண்ணு சொருகும். நீங்க கண்ண மூடினா நானும்ல சாவேன்? மத்த பேச்செல்லாம் பேசினா தூங்கிருவீங்க. வண்டி, காடுன்னா மட்டும் முழிச்சுக்குவீங்க. அதான் தெனமும் அதையே பேசினேன்."

தர்மலிங்கம் கேட்டார், "அப்ப அந்த ஆத்துல பெரிய பெரிய மீனு இருக்குன்னியே?"

"நான் எங்கண்ணே பாத்தேன்."

உள்ளே டிவியில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். சின்னையாவின் கண் அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. தர்மலிங்கம் அதைப் பார்த்துவிட்டார்.

"இங்கயே இருங்களேன்" என்றான் சின்னையா. "மகன்கிட்ட சொல்றேன். பக்கத்துல அற ஒண்ணு காலியாத்தான் கெடக்கு."

"ஒன் மகன் வீட்டுக் காவலுக்கா?" என்று கேட்டுவிட்டு முன்னால் போய் ஏறினார். இன்ஜினைப் போட்டார். போகவில்லை. இன்னும் நாலு வார்த்தை திட்ட வேண்டும் போல இருந்தது. கிளட்சை மிதித்தபடி வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது பின்னால் பலகையில் இரண்டு தட்டு விழுந்தது. தெருவில் ஆள் இல்லை, போகலாம். அத்தனை வருஷப் பழக்கம், கால் தானாகத் தூக்கிவிட்டது. வண்டி நகர்ந்துவிட்டது. கண்ணாடியில் சின்னையா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

பட்டறையில் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினார். "என்னண்ணே, ஆளு படுத்துப் பாத்தாரா?" என்று கேட்டான் மோரிஸ்.

"பாத்தான். நல்லாத் தூங்கினான்." கொஞ்சம் நின்று, "நீயா இருந்தா எதுல போவ?" என்றார். வாழ்நாளில் ஒரு வியாபாரியிடம் அவர் இப்படிக் கேட்டதில்லை.

"நானா? நான் போக மாட்டேன்லா. வீட்டுல தூங்குவேன்."

தர்மலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது, வெளியே விடவில்லை. லேண்ட் ரோவர் பெட்டிக்குள் ஏறிப் படுத்துப் பார்த்தார். நேராகப் படுத்தால் கால் சுவரில் முட்டியது. கொஞ்சம் மடக்கிக்கொண்டால் போதும். இன்னொரு ஆள் உட்காரக்கூட இடமில்லை. கூரையில் ஒழுகின கறை இருக்கிறதா என்று மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார். இல்லை. சேமநிதிப் பணத்தில் பாதிக்கு மேல் அதற்குப் போனது.

சாவியில் அந்தோணியார் படம் ஒன்று தொங்கியது. "அத எடுக்கணுமாண்ணே?" என்றான் மோரிஸ்.

"கெடந்துட்டுப் போகட்டும். அவரு இறங்கிப் பலகைய மிதிச்சுப் பாக்கவா போறாரு."

மாதக் கடைசிக்கு முன்பே வீட்டுச் சாவியைக் கிராணி மேசையில் போட்டுவிட்டுக் கிளம்பினார். சிக் தாண்டித் தார் முடிந்தது. மழை பெய்து விட்டிருந்தது. செம்மண் சேற்றில் லேண்ட் ரோவர் முனகிக்கொண்டு ஏறியது. மோரிஸ் சொன்னது பொய்யில்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "பய உண்மையத்தான் சொல்லியிருக்கான்" என்று சத்தமாகவே சொன்னார். பக்கத்து இருக்கையில் அரிசி மூட்டை இருந்தது.

பிறகு பாலம் வந்தது. ஓடைக்குக் குறுக்கே கட்டைகளைப் போட்டு மேலே பலகை அடித்திருந்தார்கள். வண்டியை நிறுத்தினார். கிளட்சை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம். எங்கேயோ ஒரு குரங்கு கத்தியது. எதற்குக் காத்திருக்கிறோம் என்பது அவருக்கே சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

இறங்கினார். பலகையை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தார். நடுவில் ஒன்று ஆடியது, இடது சக்கரம் அதில் ஏறக்கூடாது. மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து ஏறினார். எல்லாம் பார்த்தாகிவிட்டது, பாலம் தாங்கும். ஆனாலும் கால் தூக்கவில்லை. கால் என்ன செய்யும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டார். கதவுத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். காலிப் பால்டின் சத்தம். கால் தூக்கியது. வண்டி மெல்ல ஏறி, பலகைகள் கடகடக்க, அக்கரை போய்ச் சேர்ந்தது.

அங்கே மறுபடி நிறுத்தினார். பாலம் தாண்டியதும் கெலிண்டான் ஓடி வந்து ஏறிக்கொள்ள நிறுத்துவது வழக்கம். ஓர் ஆள் ஏறி உட்காருகிற நேரம் வண்டி அங்கே நின்றது. பிறகு போனது.