கூடத்தில் இறங்கிய டிஸ்பென்சரி

1946ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், தாராவிக்கென்று மானியம் கேட்டிருந்த டிஸ்பென்சரி, மாட்டுங்காவில் ஹெட் கிளார்க் அனந்தநாராயணனின் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கியது. மழைக்காலம் என்பதால் பெஞ்சுகள் சற்றே நனைந்திருந்தன. மருந்து அலமாரி, பச்சைத் திரை, எடை மெஷின் எல்லாம் சரியாக இருந்தன. டாக்டர் மட்டும் இல்லை. அந்தப் பதவிக்கு இன்னும் அனுமதி ஆகவில்லை.

அனுமதி தராதவர் அனந்தநாராயணன்தான். மாகாண அரசின் ஆரம்ப சுகாதார மானியங்கள் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். தாராவி மனுவை வருஷக்கணக்காகக் கேள்வி எழுதித் திருப்பிக்கொண்டிருந்தார். கூரை ஓடா, தகரமா என்று கேட்டார். தகரம் என்று பதில் வந்ததும், ஏன் தகரம் என்று கேட்டார். நடந்துகொண்டிருக்கும் டிஸ்பென்சரிக்குத்தான் மானியம் உண்டு, மானியம் இல்லாமல் டிஸ்பென்சரி நடத்துவது விதிக்குப் புறம்பு என்று அவர் எழுதிய குறிப்பை மாட்டுங்கா குமாஸ்தாக்களாகிய நாங்கள் ரயிலில் சொல்லிச் சொல்லி மெச்சினோம். அப்படி ஒரு வாக்கியம் எங்களுக்குக் கைவரவில்லையே என்ற பொறாமையும் இருந்தது.

"ஏன்னா, கூடத்துல பெஞ்ச் போட்டிருக்கா. யாரைக் கேட்டுண்டு?" என்றாள் அவர் மனைவி விசாலாக்ஷி.

"முறைப்படி எனக்குத் தகவல் வரல்லே" என்று அவர் பல் தேய்க்கப் போனார்.

திரும்புவதற்குள், மலேரியாவில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாராவி நூர் நிஷா வந்து உட்கார்ந்திருந்தாள். எல்லா மனுக்களிலும் முதல் கைநாட்டு அவளுடையது. அந்தப் பெருவிரலை அவருக்கு நன்றாகத் தெரியும். முகத்தை அன்றுதான் பார்த்தார்.

"ஐயா, புள்ளைக்கு மேலெல்லாம் கொதிக்கி. மருந்து வாசம் புடிச்சே வந்துட்டேன்."

"இது டிஸ்பென்சரி இல்லைம்மா. இன்னும் சாங்ஷன் ஆகல்லே."

"அப்போ நான் உக்காந்திருக்கது எந்த பெஞ்சு?"

அவர் விதிப் புத்தகத்தைத் தேடப் போனார். விசாலாக்ஷி மாடிக்கு ஓடி, அங்கே குடியிருந்த டாக்டர் ஷ்யாமளாவை அழைத்துவந்தாள். உடனே கொய்னா ஊசி போடவேண்டும் என்றாள் டாக்டர். அலமாரி பூட்டியிருந்தது, சாவி இல்லை. அனந்தநாராயணன் பழக்கதோஷத்தில் ஒரு தாளை எடுத்து, 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினார். பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டு முளைத்தது. 'மேலிட உத்தரவுக்கு உட்பட்டு' என்று எழுதினார். மூன்றாவதும் முளைத்தது. குழந்தைக்கு வலிப்பு கண்டது.

"ஒழுங்கா எழுதுங்கோன்னா!" என்று விசாலாக்ஷி அலறினாள்.

மேலதிகாரியின் முகமும் பென்ஷனும் கண்ணுக்குள் வந்துபோக, 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூட்டுகள் பழம்போல உதிர்ந்தன. மறுநாள் குழந்தை கண் விழித்துக் கஞ்சி கேட்டது.

தன்னிச்சையாகச் செயல்பட்டதற்கு அலுவலகம் விளக்கம் கேட்டது. நேரில் வந்து பார்த்த இன்ஸ்பெக்டர், டிஸ்பென்சரி செவ்வனே நடப்பதாகவும், அதற்குள் ஒரு குடும்பம் ஆக்கிரமித்து வசிப்பதாகவும் அறிக்கை கொடுத்தார். அனந்தநாராயணனுக்குப் பிரமோஷன் நின்றது. நாங்கள் யாரும் அவருக்காக வாய் திறக்கவில்லை; காலையில் எழுந்ததும் அவரவர் கூடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டதோடு சரி.

சுதந்திரம் வந்தது, அதிகாரிகள் மாறினார்கள். குடும்பம் சமையலறைக்குள் ஒண்டிக்கொண்டது. மாலைகளில் அனந்தநாராயணன் மருந்து பாட்டில் கழுவினார். நூர் நிஷா வரிசையை அதட்டினாள். பாலக்காட்டிலிருந்து உறவினர் யாராவது பெட்டியும் கையுமாக வந்து நின்றால், விசாலாக்ஷி திரையை விலக்கித் தலையை நீட்டுவாள்.

"வாங்கோ, வாங்கோ. சீட்டு வாங்கிண்டு உக்காருங்கோ. காய்ச்சல்காராளை முதல்ல அனுப்பிச்சுடறேன்."