இரண்டாம் அறையின் சூடு

வாலாஜாபாத் சாலையில் ஏனாத்தூரைத் தாண்டியதும் வரும் அந்தக் குளிர்கிடங்கில் அனு வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பாலிடெக்னிக்கில் குளிர்சாதனப் படிப்பு முடித்தவள். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. கிடங்கில் இரண்டு அறைகள். முதல் அறையில் கோயில்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போகிற மல்லியும் சம்பங்கியும் கூடை கூடையாக அடுக்கியிருக்கும். இரண்டாம் அறை சின்னது. பல மாதமாகக் காலி. ஆவணி முகூர்த்தங்களுக்கு அதைத் தயார் செய்யும்படி உரிமையாளர் மாணிக்கவேல் சொல்லியிருந்தார். ஒரு காலத்தில் ஊராட்சித் தலைவராக இருந்ததால் எல்லோருக்கும் அவர் 'பிரசிடெண்ட்'.

அந்தக் காலி அறைதான் அனுவைப் படுத்தியது. அதன் கம்ப்ரஸர் நின்ற வேகத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது.

குளிர் என்று ஒன்றை எந்த இயந்திரமும் உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். அறைக்குள் இருக்கும் எவாப்பரேட்டர் குழாய்களில் ஓடும் கேஸ் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கம்ப்ரஸர் அந்தக் கேஸை அழுத்தித் தள்ள, சுவருக்கு வெளியே இருக்கும் கண்டன்சர் அதன் சூட்டைக் காற்றில் விட்டுவிடும். எடுக்க வேண்டிய சூடு தீர்ந்ததும் தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மூடிக் கிடக்கும் காலி அறையில் இயந்திரம் அதிகம் ஓய்வில்தான் இருக்க வேண்டும்.

"கேஸ் கம்மியா இருக்கும். ரொப்பி வுடும்மா" என்றார் மாணிக்கவேல்.

"கேஸ் சரியாத்தான் இருக்குது சார். எங்கிருந்தோ உள்ள சூடு வந்துக்கினே இருக்குது."

"சூடு எங்கேர்ந்து வரும்? நாலு பக்கமும் சூடு ஏறாத பஃப் பேனல்."

அவள் கதவு ரப்பரைப் பார்த்தாள். எங்கும் கிழியவில்லை. குழாய்களில் பனி கட்டியிருக்கவில்லை. பழைய பூ ஏதாவது கிடந்தாலும் அது மூச்சுவிட்டுச் சூட்டைக் கிளப்பும் என்று தரையை நன்றாகக் கழுவித் துடைத்தாள். ஒன்றும் மாறவில்லை. பிறகு உட்கார்ந்து ஹீட் லோடு போட்டுப் பார்த்தாள். ஓர் அறைக்குள் என்னென்ன வழியில் சூடு சேர்கிறது என்கிற கணக்கு அது. இயந்திரம் வெளியே தள்ளும் சூட்டிலிருந்து சுவர் வழியாக இவ்வளவு, கதவு திறக்கும்போது இவ்வளவு, விளக்கு, விசிறி, சரக்கு என்று எல்லாவற்றையும் கழித்த பிறகும் கொஞ்சம் மிஞ்சியது. அந்த மிச்சம் எதற்குப் பொருந்தும் என்று பாடப்புத்தகத்து அட்டவணையில் விரலை ஓட்டியவள் ஒரு வரியில் நிறுத்தினாள். குளிர் அறைக்குள் இருக்கும் ஓர் ஆளின் உடம்புச் சூடு.

சிரித்துக்கொண்டேதான் அதை இளவரசனிடம் சொன்னாள். இளவரசன் கிடங்கில் கூடை ஏற்றி இறக்குகிறவன். முப்பது வயது இருக்கும், வாயாடி.

"அண்ணா, கணக்குப்படி ரெண்டாவது ரூம்ல ஒரு ஆள் உட்கார்ந்துக்கினு இருக்காரு."

இளவரசன் சிரிக்கவில்லை. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

"யாரு சொன்னா உனக்கு?"

"கணக்கு சொல்லுதுன்னேன்."

"அந்த ரூம்புக்குத் தனியா போவாத" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அன்று மதியம் அவள் தனியாகத்தான் போனாள். காலையில் நாலு மூலையிலும் தெர்மாமீட்டர் மாட்டியிருந்தாள். அவற்றைப் பார்க்க வேண்டியிருந்தது. வழக்கம்போல ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். மூன்று மூலைகள் ஒரே மாதிரி இருந்தன. பின்பக்கத்து இடது மூலை மட்டும் கொஞ்சம் சூடாக இருந்தது. கருவி கெட்டிருக்கும் என்று அதைக் கழற்றினாள். அப்போது பின்னால் கூடை சறுக்கும் சத்தம். திரும்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

முதலில் பயம் வரவில்லை. இப்படிப்பட்ட கதவுகளில் உள்ளேயிருந்து தள்ளித் திறக்க ஒரு கைப்பிடி இருக்கும். தடவிப் பார்த்தாள். கைப்பிடி இருந்த ஓட்டையில் துணியைத் திணித்து மேலே டேப் ஒட்டியிருந்தார்கள். போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. கதவைக் கைவலிக்கத் தட்டினாள், கத்தினாள். சத்தம் சுவரோடு நின்றுவிட்டது தெரிந்தது.

விசிறிகள் குளிரை முகத்தில் அடித்தன. மெல்லிய சுடிதார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின, பற்கள் தாமாகவே தட்டத் தொடங்கின. காற்று படாத இடம் தேடி இடது மூலைக்கு ஒதுங்கினாள். சுவரோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

வலது தோளில் சூடு பட்டது.

நெரிசலான பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பிலிருந்து வருமே, அந்தச் சூடு. அவள் அசையவில்லை. மங்கலான விளக்கு வெளிச்சத்தில் அவள் மூச்சு வாயிலிருந்து வெள்ளைப் புகையாக வந்து கலைந்தது. அது கலைந்த பிறகு, பக்கத்தில், அவள் தலைக்குச் சற்று மேலே, இன்னொரு புகை கிளம்பியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் புகை மட்டும் வந்தது. நிதானமாக, களைத்த மனிதர் விடுவதுபோல.

கத்த வேண்டும் என்று தோன்றியது. எழுந்து கதவருகே ஓடினாள். அங்கே விசிறிக் காற்று எலும்பு வரைக்கும் இறங்கியது. அழுதுகொண்டே மூலைக்குத் திரும்பி வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தச் சூட்டின் மேல் சாய்ந்தாள். அது நகரவில்லை.

இளவரசன் கதவைத் திறந்தபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது. அவளுடைய ஸ்கூட்டி நிற்கிறது, ஆளைக் காணோம் என்று தேடி வந்திருக்கிறான். அவளைத் தூக்கிவந்து வெயிலில் உட்கார வைத்துச் சாக்கைப் போர்த்தினான்.

"அந்த மூலையிலதான் அவரும் இருந்தாரு" என்றான்.

"யாரு?"

"துரைக்கண்ணு. ரூம்பு கழுவுறவரு. திருப்புட்குழி ஆளு. சனிக்கிழம சாயந்தரம் உள்ள மாட்டிக்கினாரு. ஈரத் துணி வேற. ஞாயித்துக்கிழம லீவு. முகூர்த்த வேலைல தங்கிட்டாருன்னு வீட்ல நெனச்சிக்கினாங்க. திங்கக்கிழம நான்தான் தொறந்தேன், உசுரு இல்ல. கைப்பிடி ஒடஞ்சி ரொம்ப நாளாச்சி, பிரசிடெண்ட்டுக்குத் தெரியும். அப்புறம் வெளி கேட்டாண்ட நெஞ்சு வலி வந்து வுழுந்துட்டாருன்னு அவரு வீட்ல சொல்லிட்டாங்க. அப்போர்ந்தே இந்த ரூம்ப மூடிட்டாங்க."

அனு எழுந்து போய் இரண்டாம் அறையின் சுவிட்சை அணைத்தாள். கதவை விரியத் திறந்து கட்டிவைத்தாள்.

மறுநாள் காலை அவள் திருப்புட்குழிக்குப் போனாள். துரைக்கண்ணுவின் மனைவி லோகாம்பாள் ராட்டையில் நெசவுக்கான பட்டு நூலைத் தார்க்குழலில் சுற்றிக்கொண்டிருந்தார். அனு தனக்கு நடந்ததையும் இளவரசன் சொன்னதையும் எதையும் விடாமல் சொன்னாள். ராட்டை நின்றது. லோகாம்பாள் அழவில்லை.

"கதவத் தட்டினாராமா?"

"தட்டியிருப்பாரும்மா. அந்தச் சுவரத் தாண்டி சத்தம் வராது."

"உனக்குச் சுட்டுதுன்னியே. நெஜமா?"

"நெஜம்மா. அது இல்லன்னா நான் இருக்க மாட்டேன்."

லோகாம்பாள் நூலை அறுத்து ஓரமாக வைத்துவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தார். ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

கிடங்கில் யாரும் வழிகாட்டாமலே அவர் நேராக இரண்டாம் அறைக்குள் நுழைந்தார். இயந்திரம் ஓடவில்லை, உள்ளே இருட்டாக இருந்தது. இடது மூலையில் போய் நின்றார். வாசலில் நின்ற அனுவுக்கும் இளவரசனுக்கும் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏந்திரிங்க. வீட்டுக்குப் போலாம். எவ்ளோ நேரம் இங்கியே குந்திக்கினு இருப்பீங்க?"

கொஞ்சம் பொறுத்தார். எழுந்திருக்க ஒருவருக்குக் கை கொடுப்பதுபோல முழங்கையை மடக்கினார். பிறகு வெளியே வந்தார். வாசலைக் கடக்கும்போது ஒருபக்கமாக ஒதுங்கி வந்தார். இளவரசன் தன்னை அறியாமல் பின்னால் நகர்ந்து வழிவிட்டான்.

மாணிக்கவேலின் கார் அப்போதுதான் உள்ளே வந்தது. அவர் லோகாம்பாளைப் பார்த்ததும் இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"என்னம்மா, இந்தப் பக்கம்?"

"ஸ்டேஷனுக்குப் போறோம் பிரசிடெண்ட்டு" என்றார் லோகாம்பாள். "நீங்களும் வந்தா நல்லது. இல்லன்னா அவங்களே வருவாங்க."

"நானும் வரேன்மா. தொறந்தவன் நான்தான்னு சொல்றேன்" என்றான் இளவரசன்.

காவல் நிலையத்தில் முதலில் உட்காரச் சொல்லிவிட்டு மறந்துபோனார்கள். லோகாம்பாள் அசையவில்லை. வெயில் ஏறி இறங்கிய பிறகு புகார் பதிவானது. மறுநாள் கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். மாணிக்கவேல் வக்கீல் வைத்தார். வழக்கு இன்னும் நடக்கிறது.

புகார் பதிவான அன்று சாயங்காலம், ஸ்கூட்டியில் இடம் போதாது என்று லோகாம்பாள் சொல்ல, காஞ்சிபுரம் போகிற ஷேர் ஆட்டோவில் அவரை ஏற்றிவிட்டாள் அனு. பின்சீட்டில் அவர் மட்டும்தான். ஆனாலும் ஏறுகிற பக்கத்து ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"நல்லா உள்ள தள்ளி ஒக்காருமா, எடம் இருக்குதே. இன்னும் ரெண்டு பேரு ஏறட்டும்" என்றார் டிரைவர்.

"ஆளு இருக்காருப்பா" என்றார் லோகாம்பாள்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏற வந்தவர்களை அடுத்த வண்டியில் வரச் சொல்லிவிட்டு, பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.