கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ஆதாரம்

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதை நான் சொன்னால் போதாது. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு கெஜட்டட் ஆபீசர் சொல்ல வேண்டும். அப்பா மத்திய அரசு உத்தியோகஸ்தர். அவரும் அம்மாவும் போனபின், கல்யாணமாகாத மகள் என்று எனக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது. கல்யாணமானால் நின்றுவிடும். ஐம்பத்திரண்டு வயதில் என்னைக் கட்டிக்கொள்ள யார் வரிசையில் நிற்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குச் சந்தேகமோ, தெரியவில்லை.

கல்கத்தா லேக் கார்டன்ஸில் என் ஃப்ளாட்டுக்கு மேல் மாடியில் பத்மநாபன். ஆடிட் ஆபீசர், மனைவியை இழந்தவர். போகாத ஊருக்கு எல்.டி.சி. என்று லீவுப் பயணச் செலவு பில் போட்டவர்களைப் பிடித்தே தலை நரைத்தவர். என் ஃபார்மில் அவர்தான் கையெழுத்துப் போடுவார், ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு.

2008 நவம்பரில் முத்திரை குத்திவிட்டுச் சொன்னார்: "ஜனவரியில ரிட்டயர் ஆறேன். அடுத்த வருஷம் என் கையெழுத்து செல்லாது."

"வேற யாரையாவது பாத்துக்கறேன் சார்."

"அதுக்கில்லை. நாம கல்யாணம் பண்ணிண்டா இந்த ஃபார்மே வேண்டாம்."

"என் பென்ஷன் நின்னுடுமே?"

"என்னோடது வருமே."

"அது உங்களோடது சார்."

படுக்கையில் கிடந்த அம்மாவுக்குப் பதினெட்டு வருஷம் எல்லாம் செய்தவள் நான். ஸ்கூல் வேலை வந்தது, அப்பா வேண்டாமென்றார். வந்த வரன்களையும் அப்படியே. அந்த பென்ஷனை யாராவது சர்க்கார் தர்மம் என்றால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அது என் சம்பளம், கொஞ்சம் லேட்டாக வருகிறது.

பத்மநாபனை எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எதிர் ஃப்ளாட் நாகலக்ஷ்மி வழி சொன்னாள். "கோயில்ல மாலையை மாத்திண்டு பேசாம இருங்கோ. யாரு போய்ச் சொல்லப்போறா?" வெட்கத்தை விட்டு அதை மேல் மாடிக்குக் கொண்டுபோனேன்.

பத்மநாபன் டீயைக் கீழே வைத்தார். "ஃபார்ம்ல என்ன எழுதறது?"

"கல்யாணம் ஆகலைன்னு."

"ஆயிருக்குமே," என்றார்.

"அப்படின்னா வேண்டாம் சார்," என்று இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த நவம்பரில் பவானிபூரில் ஒரு புது ஆபீசரைத் தேடிப் போனேன். சின்னப் பையன், வங்காளி. உங்களை எனக்குத் தெரியாதே, தெரிந்தவர் யாரையாவது அழைத்து வாருங்கள் என்றான். எனக்குத் தெரிந்தவர் யார் இருக்கிறார்? பத்மநாபன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

ஆபீசர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டான். "இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் பத்மநாபன். "நான் கேட்டேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டார்."

அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். அப்புறம் கையெழுத்துப் போட்டான்.

படியிறங்கும்போது எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. பத்மநாபன் என் கையிலிருந்த ஃபார்மை வாங்கி, நனையாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.