மூன்றாவது கோப்பை யாருக்கு?

அச்சகத்தில் அவளை எல்லோரும் கமா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறாள். ஒரு கமா இடம் மாறி நின்றால்கூட அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. ஆனால் கிரிக்கெட் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. அவளுடைய அண்ணன் ஒரு காலத்தில் நாட்டு அணியில் பன்னிரண்டாவது ஆளாக இருந்தார். அந்த விளையாட்டோடு அவளுக்கு இருந்த ஒட்டு உறவு அவ்வளவுதான்.

அந்த லட்சணத்தில்தான் ஐந்து நாடுகள் சேர்ந்து நடத்தும் கிரிக்கெட் கோப்பையின் வரலாற்று மலர் அவள் மேசைக்கு வந்து விழுந்தது.

"கிரிக்கெட் பைத்தியம் பிடிச்சவங்ககிட்ட குடுத்தா ரசிச்சுப் படிச்சுட்டே உக்காந்துருவாங்க. உங்களுக்குத்தான் தப்பு மட்டும் தெரியும்" என்றார் அச்சக முதலாளி.

முன்னுரையில், இதுவரை ஒன்பது முறை கோப்பை நடந்திருப்பதாகப் போட்டிருந்தது. பின்பக்க அட்டவணையில் பத்து வரிசை இருந்தது. விரல் வைத்து எண்ணினாள். பத்துதான். மூன்றாவது வரிசையில் ஆண்டு இருந்தது, வென்ற அணியின் இடம் காலியாக இருந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் 'மூன்றாவது போட்டி நடைபெறவில்லை' என்று ஒரு வரி. ஐம்பத்தெட்டாம் பக்கத்திலோ அண்டை நாட்டு விக்கெட் கீப்பர் ஒருவர் அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில் எழுபத்தோரு ரன் எடுத்திருந்தார். நடக்காத ஆட்டத்தில் எப்படி எழுபத்தொன்று எடுப்பது? அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

மலரை எழுதிய விளையாட்டு நிருபருக்குப் போன் போட்டாள்.

"ரெண்டுமே சரிதாம்மா" என்றார் அவர்.

"எப்படி சார் ரெண்டும் சரியா இருக்கும்?"

"அதைக் கேட்டா நானும் உங்களை மாதிரிதான் முழிப்பேன். விட்ருங்க."

கோப்பைக் குழுவின் செயலாளரைக் கேட்டாள். "அந்த வரிசையை எடுத்துடுங்க" என்றார். எடுத்தாள். திருத்திய பக்கம் எல்லா நாட்டுக்கும் போனது. மதியம் அண்டை நாட்டு கிரிக்கெட் வாரியத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "நாங்க ஜெயிச்ச வருஷத்தை எடுக்க நீங்க யாரு?" என்று எகிறினார். திரும்பச் சேர்த்தாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கம் அடித்தலும் திருத்தலுமாகக் கோழி கிளறின மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஆண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணன் அணியோடு போய்வந்த வருடம் அது. போனவர் ஒரு வாரத்தில் திரும்பினார், முட்டி வலி என்றார், பிறகு மட்டையைத் தொடவே இல்லை.

மறுநாள் காலையில் அண்ணனின் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவர் ஒரு லென்சின் ஓரத்தைச் சாணைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மூணாவது கோப்பை நடந்துச்சா இல்லையா?"

சக்கரத்தை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உனக்கு எதுக்கு இப்ப அது?"

சொன்னாள். அவர் ஸ்டூலை இழுத்து அவள் பக்கம் போட்டார்.

"ஃபைனல்ல நம்ம டீமும் அவங்களும். அவங்க பேட்டிங். எட்டாவது விக்கெட் அப்பத்தான் போச்சு, இன்னும் ஏழு ரன் வேணும். அந்த நேரம் அவங்க ஊர்ல இருந்து போன். ரெண்டு அரசாங்கத்துக்கும் ஏதோ தகராறாம், உடனே கிளம்பி வரணுமாம். மொத்த டீமும் பஸ்ல ஏறிடுச்சு. அடுத்து இறங்க வேண்டிய ரெண்டு பேரும் சேர்த்துத்தான். உள்ள நின்ன கீப்பர் மட்டும் வர மாட்டேன்னுட்டார்."

"அப்புறம்?"

"எதிர்ப்பக்கம் நிக்க ஆள் இல்ல. நம்ம கேப்டன், 'இப்படி ஜெயிக்கிறது எனக்கு வேணாம்'னு சொல்லி என்னைக் கூப்பிட்டார். 'நீ போய் சும்மா நில்லு, கூட ஓடு, போதும்'னார். நடுவர்களும் தலையாட்டினாங்க."

"நம்ம ஆளா இருந்துட்டு அவங்களுக்காகவா?"

"ஆமா. கீப்பர் தட்டிவிட்டு மூணு ரன் ஓடினார். நான் பந்தைச் சந்திக்கிற பக்கம் வந்துட்டேன். அடுத்த பந்து இடுப்புக்கு வந்துச்சு. கை தானா போயிடுச்சும்மா. நாலு."

அவள் விரல் மடக்கி எண்ணினாள். மூன்றும் நாலும் ஏழு.

"கைதட்டறதா வேணாமான்னு ஜனங்களுக்கே புரியல. நடுவர்கள் ஸ்கோர் புத்தகத்துல கையெழுத்துப் போடாம நழுவிட்டாங்க. அவங்க வாரியம் ஜெயிச்சோம்னுச்சு. நம்ம வாரியம் ஆட்டமே நடக்கலன்னுச்சு. என்னை யாரும் திட்டல, அதுக்கப்புறம் கூப்பிடவும் இல்ல."

"முட்டி வலின்னு சொன்னீங்களே?"

"அம்மாகிட்ட வேற என்னத்தச் சொல்றது? எதிர் டீமை ஜெயிக்க வெச்சுட்டு வந்தேன்னா?"

அச்சகத்துக்குத் திரும்பியவள் நெடுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் எழுத்தைத் திருத்தியே பழகிய கை, முதல் முறையாகச் சொந்தமாக நாலு வரி எழுதியது. பஸ் போனது, கீப்பர் நின்றது, பன்னிரண்டாவது ஆள் இறங்கியது, ஏழு ரன் வந்தது. யார் வென்றார் என்று மட்டும் எழுதவில்லை. அதை அட்டவணைக்குக் கீழே சேர்த்தாள். முப்பத்தோராம் பக்கத்து 'நடைபெறவில்லை' வரியை எடுத்தாள். முன்னுரையில் 'ஒன்பது முறை' என்பதை அடித்துவிட்டு 'பலமுறை' என்று மாற்றினாள்.

செயலாளருக்குப் போனில் வாசித்துக் காட்டினாள்.

"இது பொய்யில்லையே?" என்றார்.

"ஆடினவரையே கேட்டேன் சார்."

"அவங்க ஒத்துக்கிட்டா போடுங்க." அண்டை நாட்டுக்காரர் இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு, "தோத்தோம்னு எங்கயும் இல்லையே? அப்ப சரி" என்றார்.

மலர் வெளிவந்ததும் முதல் பிரதியோடு கடைக்கு ஓடினாள். அண்ணன் அந்த நாலு வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு இரு நாட்டு வீரர்களின் பட்டியலையும் புரட்டினார். இரண்டிலும் அவர் பெயர் இல்லை.

"என் நாலு ரன்னை எந்தப் பக்கம் சேர்த்தே?"

"எங்க போடறதுன்னே தெரியல, அண்ணா."

"எனக்கும்தான்" என்றார். சிரிக்கிறாரா வருத்தப்படுகிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சாணைச் சக்கரம் மறுபடி சுழலத் தொடங்கியது.