நாலு தரம்

என் மகன் றிப்தி தோளில் கக்கிய சத்தி கழுத்தோரமாக இறங்கி, சட்டைக்குள் நுழைந்து, முதுகு வழியே இடுப்புவரை போய் நின்றது. அவனுக்கு வருத்தம் தொடங்கி மூன்றாம் நாள் காலை. விடிகாலை சுபஹுத் தொழுகையிலிருந்து அது நான்காவது சட்டை. கழற்றாமல் நிற்கவும் சீ என்றிருந்தது, கழற்றவும் சீ என்றிருந்தது. தலைக்கு மேலால் இழுத்தால் எல்லாம் முடியில் படும். குசினி வாசலில் நின்று, "உம்மா, கத்திரிக்கோல எடுத்துட்டு வாங்க, இந்தச் சட்டைய முதுகில வெட்டி எடுங்க" என்று கத்தினேன். உம்மா சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

பெற்ற பிள்ளையின் பீயும் தாய்க்கு மணக்கும் என்று கதைக்கிறார்களே, அந்தத் தாய்மாரில் ஒருத்தியை எனக்குக் காட்டுங்கள், கொஞ்சம் கேட்க வேண்டும். எனக்கு மணக்கவில்லை. நாறியது. முதலில் புளித்த பாலின் நாற்றம், பிறகு அதற்கு அடியில் வேறொன்று, ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்தது போல. கிண்ணியாவில் பிறந்து சட்டித் தயிரில் வளர்ந்தவள் நான். இந்த மூன்று நாளும் தயிர்ச் சட்டி இருக்கிற மேசைப்பக்கமே போகவில்லை. தலையணையில், நுளம்பு வலையில், என் காதுக்குப் பின்னால், எங்கே மூக்கை வைத்தாலும் அதே நாற்றம். குளித்து சவர்க்காரம் காய்வதற்குள் மறுபடி மேலில் ஊற்றுவான். பிறகு அந்தப் புளித்த வாயோடு, உதட்டில் திப்பி திப்பியாக ஒட்டியிருக்க, என் மார்பைத் தேடி முகத்தை உரசுவான். உடம்பு கூசும். கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். நாலு மாதப் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது.

முந்தாநாள் டொக்டரிடம் காட்டினோம். அவர் சொன்னதில் ஒரு குழப்பமும் இல்லை. வயிற்றுக்குள் ஏதோ கிருமி, சில நாளில் போகும். பாலை மட்டும் நிறுத்தக் கூடாது, சத்தி எடுத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். ஆறு மணித்தியாலம் மூத்திரம் போகாவிட்டால் ஒன்றும் யோசிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். என் மாப்பிள்ளை ஹஸ்மி அதைப் போனில் எழுதியும் வைத்தார். எழுதி வைத்து என்ன, வீட்டில் பரீனா சாச்சி இருக்கிறாவே.

எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு, நாலும் உம்மாவும் அவர் தங்கைமாரும் சீதனமாக வாங்கியவை. பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையைக் கூட்டி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் எனக்கு மாமியார் தொல்லை என்பது கிடையாது. சாச்சிமார் தொல்லை உண்டு, அது வேலி தாண்டி வரும், நேரகாலம் பார்க்காது. அன்று காலை எட்டு மணிக்கு பரீனா சாச்சி வந்து, முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு, பிள்ளையை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தா.

"புள்ளயில ஒண்டுமில்ல. பால்லதான் பிழை. எறும்பு போட்டுப் பாத்தீங்களா?"

"டொக்டர் கிருமி எண்டு சொன்னார் சாச்சி."

"டொக்டருக்கு என்னகா தெரியும், அவர் பால் குடுத்தவரா?"

ஒரு பீரிசுத் தட்டை என் மடியில் வைத்தா. பிழிந்தேன். சீனிப் போத்தலின் மூடியைத் தட்டி ஒரு எறும்பைப் பிடித்து அந்தப் பாலில் போட்டா. நீந்திக் கரையேறினால் பால் நல்லது. செத்தால் பால் கெட்டுப் போயிற்று, பிள்ளைக்கு அது நஞ்சு. கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் போட்டாலும் எறும்பு சாகும் என்று தெரியாதவளா நான்? ஏ.எல். பரீட்சைக்கு உயிரியல் படித்தவள். ஆனாலும் உம்மா, சாச்சி, நான், பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு ஹஸ்மி, நாலு பேரும் அந்தப் பீரிசைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எறும்பு காலை உதறியது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மிதந்தது.

"பாத்தியா!" என்றா சாச்சி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் பயம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. இனி நான் கொடுக்கத் தேவையில்லை, அந்த வாய் இனி என் மேல் படாது, யாரும் என்னைக் குறை சொல்லவும் ஏலாது, எறும்பே சொல்லிவிட்டது. அந்த நினைப்பு வந்து அரை நிமிடம்கூட இராது. பிறகு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. டொக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கலாம், நான் வாய் இல்லாதவளும் இல்லை. பிடிக்கவில்லை. பீரிசிலிருந்த பாலை உம்மா மாமரத்தடியில் ஊற்றினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால்மா கரைத்துப் போத்தலில் கொடுத்தார்கள். றிப்தி ரப்பரை நாக்கால் வெளியே தள்ளினான். கரண்டியால் ஊற்றினார்கள்; வாயை இறுக்கிக்கொண்டான். ஒன்பதரை ஆயிற்று. ஹஸ்மி சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குக் காவல் வேலை பார்க்கிறவர். மூன்று நாளாக லீவு போட்டுவிட்டு வீட்டுக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். பிள்ளையைத் தூக்கச் சொன்னால் மட்டும் ஏதாவது வேலை வந்துவிடும். அவர்தான் மூதூரிலிருக்கிற தன் ராத்தாவுக்கு, பால் கொடுக்க வரச் சொல்லி, போனில் கோல் எடுத்தார்.

ராத்தா என்றால் அவருக்கு அக்கா, எனக்கு மதினி, பெயர் உம்மு குல்சும். அவவுக்கு அசனா என்று ஆறு மாத மகள். றிப்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் தையலோடு படுத்திருக்க, துணியை விலக்கி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ட மகளுக்கு மாப்பிள வந்துட்டாரு" என்று சொன்னவ. முறையும் அதுதான், யாரும் மறுக்கவில்லை. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பிள்ளைக்கு இன்னும் தொப்புள் கொடி விழவில்லை, அதற்குள் சம்பந்தம்.

பதினொன்றரைக்கு மதினி வந்து இறங்கினா. நல்ல அத்தர் வாசம். இஸ்திரி போட்ட அபாயா. ஆள் வாட்டசாட்டம், மூதூர் பஸ்ஸில் கைப்பிள்ளையோடு வந்தும் ஒரு மடிப்புக் கலையவில்லை. நான் மூன்று நாள் சத்தியில் ஊறிய தலையோடு எழுந்து நின்றேன். அசனாவை உம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்ததும் முதலில் அவ சொன்னது இது.

"நாலு தரம்தான் குடுப்பன். அஞ்சாவது கேக்கக் கூடாது."

மார்க்க விஷயம், எங்களில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு பிள்ளை இன்னொருத்தியிடம் ஐந்து தரம் வயிறு நிறையக் குடித்தால் அவள் அவனுக்குப் பால் தாய். அவள் பிள்ளைகள் அவனுக்குக் கூடப் பிறந்தவர்கள். கலியாணம் செய்யவே ஏலாது. நாலோடு நிறுத்தினால் மாப்பிள்ளை மாப்பிள்ளையாகவே இருப்பார்.

"சத்தி எடுத்தா அது தரத்தில சேருமா ராத்தா?" என்று கேட்டார் ஹஸ்மி. பகிடிக்கல்ல, உண்மையாகவே கேட்டார்.

"வெளிய வந்தது எப்படிகா சேரும்?" என்றா பரீனா சாச்சி.

"சேரும் எண்டுதான் நான் கேட்டிரிக்கன்" என்றா மதினி.

"மௌலவிக்கிட்ட ஒரு கோல் எடுத்துக் கேப்பமா?" என்றார் ஹஸ்மி.

மூன்று பேரும் என் பிள்ளையின் சத்தியை வைத்துச் சட்டம் பேசினார்கள். நான் அவன் உச்சிக்குழியைத் தடவிக்கொண்டிருந்தேன். அது பள்ளமாக இருப்பது போலிருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கெட்ட யோசனை ஒன்றும் வந்தது. ஐந்து தரம் குடித்தால் இந்தச் சம்பந்தப் பேச்சு அடியோடு தொலையும். ஆனால் றிப்தி அவவுக்குப் பாதி மகன் ஆவான். உம்மா என்று அவவைக் கூப்பிடுவான். பெருநாளைக்கு முதலில் மூதூருக்குப் போவான். என் வயிறு எரிந்தது. அவ்வளவு எரிந்தும் பிள்ளையைக் கொடுத்தேன். நாலு மணித்தியாலமாக அவன் வாயில் ஒரு சொட்டுப் போகவில்லை, நான் வேறென்ன செய்ய.

குடித்தான். அதுதான் என்னால் தாங்க ஏலாமல் போயிற்று. ரப்பரைத் தள்ளியவன், கரண்டியைத் தள்ளியவன், அவவிடம் கண்ணைச் சொருகிக்கொண்டு மொடக் மொடக்கென்று குடித்தான். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு இரண்டு பக்கமும் கல்லாக இறுகி, கட்டு உடைந்து ஊற்றத் தொடங்கியது. கெட்டுப்போன பால்தானே, என்னத்துக்கு இப்படி ஊற்றுகிறது? ஐந்தாவது சட்டையும் நனைந்து தரையில் சொட்டியது. எறும்பு வரும் என்று சாச்சி ஒரு துணியை என் பக்கம் எறிந்தா. மதினியின் கழுத்து வியர்வை, அத்தர், அந்தப் பெரிய வெள்ளை மார்பு, அதில் என் பிள்ளையின் கை. எனக்குக் குமட்டியது. மூன்று நாளில் அவன் எடுத்த சத்தி ஒன்றுகூட எனக்கு இப்படிக் குமட்டவில்லை.

"பாத்தியா, நல்ல பால் எண்டா புள்ள எப்படிக் குடிக்குது" என்றா சாச்சி.

மதினி அவனைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினா. இரண்டு தட்டு. மூன்றாவது தட்டில் எடுத்தான் பாருங்கள்! அபாயாவின் கழுத்துக்குள்ளே, மார்புக்கு நடுவிலே, கைக்குள்ளே, கதிரையிலே, ஹஸ்மியின் செருப்பிலே. நாலு மாதப் பிள்ளையின் வயிற்றில் அவ்வளவு இடம் இருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. உரக்க வந்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொன்ன நீ?" மதினி பிள்ளையை இரண்டு கையாலும் தூரப் பிடித்துக்கொண்டிருந்தா. "ச்சீ, ச்சீ, யா றப்பீ, இந்தா புடி ஒன்ட புள்ளய!"

"உங்கட பால்லயும் எறும்பு சாகும் மதினி" என்றேன். "அதான் சொன்னன்."

பிடுங்கி எடுத்தேன். எடுத்ததும் இடுப்பில் கட்டியிருந்த நப்பித் துணிக்குள் விரலை விட்டேன். காய்ந்து கிடந்தது. சுபஹுக்குப் பிறகு மாற்றியதே இல்லை, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாற்றத் தேவையிருக்கவில்லை. எல்லாரும் பாலையும் எறும்பையும் சம்பந்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம், நான் உட்பட, பிள்ளையின் நப்பியை ஒருத்தரும் பார்க்கவில்லை. பள்ளிவாசலில் நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்னது. ஏழு மணித்தியாலத்துக்கு மேல். கத்தி அழுதான், கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"இஞ்ச பாருங்க, ஆட்டோவுக்குச் சொல்லுங்க. இப்பவே. சாச்சி, நீங்க ஒண்டும் கதைக்க வேணா."

சாச்சி கதைக்கவில்லை. அது எங்கள் ஒழுங்கையில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல. ஆட்டோ வந்து நிற்க, மதினி கிணற்றடியிலிருந்து தலைமுடி சொட்டச் சொட்ட, உம்மாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தா. திட்டத்தான் வருகிறா என்று நினைத்தேன்.

"போற வழியில குடு புள்ள. நிப்பாட்டாத." ஈர முடியைப் பின்னால் தள்ளினா. "இன்னும் மூணு தரம் மிச்சம் கிடக்கு எனக்கு. ஆனா அல்லாஹ்வுக்காகச் சொல்றன், எனக்கு ஏலா."

அவ முகத்தில் இருந்ததும் அருவருப்புத்தான். மூக்கைச் சுளித்துக்கொண்டு, கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றா. எனக்கு அவவை முதன்முதலாகப் பிடித்தது.

ஆட்டோ அப்ராஸ் எங்கள் ஒழுங்கைப் பொடியன், மரியாதை தெரிந்தவன். நான் அபாயாவுக்குள் பிள்ளையை இழுத்ததும் பின்னால் பார்க்கிற கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டான். கிண்ணியாப் பாலம் ஏறியபோது றிப்தி மார்பைப் பிடித்தான். பலமில்லாமல் பிடித்தான், விட்டு விட்டுப் பிடித்தான். உதடு கடதாசி மாதிரி உரசியது. நாலு இழுவைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினான். கடல் காற்று அடித்தும் நாற்றம் போகவில்லை, ஆட்டோ முழுக்க அதே நாற்றம். ஹஸ்மி ஓரமாக ஒதுங்கி, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு காலமும் எறும்ப வச்சா எங்கட ஊரில புள்ள வளத்தாங்க?" என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பாமலே, "நானும் பாத்துட்டுத்தானே நிண்டனான்" என்றார்.

"நானும்தான்."

சீனன்குடா விமானத்தள வேலி தொடங்கும் இடத்தில் அவன் உடம்பு விறைத்தது. எனக்கு அந்த விறைப்புத் தெரியும், மூன்று நாளில் படித்துவிட்டேன். துணி தேடினேன். கொண்டுவந்த எல்லாம் நனைந்திருந்தது. உள்ளங்கையை அவன் தாடைக்குக் கீழே ஏந்தினேன். சூடாக விழுந்தது. கொஞ்சம்தான், நான் கொடுத்ததில் பாதிகூட இராது. விரலிடுக்கால் வழிந்து மணிக்கட்டுக்கு வந்தது. சீ என்றுதான் இருந்தது. முதல் நாளைப் போலவே, ஒரு துளியும் குறையாமல் அப்படியே இருந்தது.

"வெளிய வீசு, வீசு" என்றார் ஹஸ்மி.

பாதிதான் வந்தது என்றால் பாதி உள்ளே நின்றிருக்கிறது. கையை அபாயாவின் முழங்கால் பக்கம் துடைத்தேன். றிப்தி வாயைத் திறந்துகொண்டு, அழாமல், இரண்டு பக்கமும் தலையை ஆட்டித் தேடினான். அவனை மற்றப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டேன். பிடித்துக்கொண்டான். வேலிக்கு அப்பால் எண்ணெய்த் தாங்கிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, தாடைக்குக் கீழே கையை ஏந்தினேன்.