சாம்பல் விழாத வீடு

சோமனூருக்குத் தெற்கே, சைசிங் மில் மருதாசலத்தின் வீட்டின்மேல் மட்டும் பதினோரு வருடம் சாம்பல் விழவில்லை. அதே வீதியில் மற்ற முப்பத்தெட்டு வீடுகளிலும் விழுந்தது. துணி காயும் கொடி, தண்ணீர்க் குடம், தூங்குகிற குழந்தையின் இமை என்று எதையும் விடவில்லை. மருதாசலத்தின் காம்பவுண்டுச் சுவருக்கு நேர்மேலே வந்ததும், வரப்பில் தண்ணீர் பிரிவதுபோல் இரண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று இறங்கும். இதில் சொல்ல வேண்டியது என்னவென்றால், சாம்பல் புறப்பட்டதே அவருடைய புகைபோக்கியிலிருந்துதான். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற மில் அது. பாய்லருக்கு விறகு போட்டவரை யாருக்கும் பெரிதாகத் தொந்தரவில்லை. விறகை நிறுத்திவிட்டு நிலக்கரி லாரியைக் கூப்பிட்ட வாரமே இது ஆரம்பித்தது.

முதல் வருடம் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மாகாளியம்மன் நம் வீட்டைக் கண் பார்த்துவிட்டாள் என்று அவர் மனைவி பாவாத்தாள் பொங்கல் வைத்தாள். வருடா வருடம் பொங்கல் நோம்பிக்கு ஊரே வெள்ளையடிக்கும். மாட்டுப் பொங்கல் முடிவதற்குள் சுவரெல்லாம் சாம்பல் பூத்துவிடும். ஒரே ஒருமுறை அடித்த மருதாசலத்தின் வீடு மட்டும் அப்படியே பளபளவென்று நின்றது. ரேஷன் கடைக்கு வழி கேட்டால் 'வெள்ளை ஊட்டுக்கு எதுத்தாப்பலீங்க' என்றார்கள். பிறகுதான் வீதிப் பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். உங்கள் மாடியில் பள்ளிக்கூட யூனிஃபார்மைக் காயப்போட்டுக்கொள்ளட்டுமா, மிளகாய், வடகம் போட்டுக்கொள்ளட்டுமா என்று ஆளுக்கு நாலு 'ங்க' போட்டுக் கேட்டார்கள். ஒருத்தியாவது மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார், விஷயம் அன்றோடு தீர்ந்திருக்கும். இந்த ஊர்ச் சனத்துக்கு அதுதான் வராதே! மாடி நிறைய அடுத்த வீட்டுத் துணி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு மருதாசலம் தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார்.

காற்றை அளக்கிற ஆபீசர்கள் வருடத்துக்கு ஒருமுறை தேதி சொல்லிவிட்டு வருவார்கள். அன்றைக்கு மட்டும் பாய்லருக்கு விறகு. அது போதாதென்று, காற்றை உறிஞ்சி வெள்ளைத் தாளில் பிடிக்கும் அவர்களுடைய மெஷினை, கரண்டு வசதி இருக்கிறது, நிழல் இருக்கிறது என்று சொல்லி அவரே தன் மாடிக்கு ஏற்றுவார். மறுநாள் தாளை எடுத்தால் போட்டது போட்டபடி இருக்கும். ஊர்க் காற்று நல்ல காற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார். மாட்டிய நாளிலிருந்து அந்தச் சுவர்ப் பக்கம் திரும்ப அவருக்கே வெட்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவள் மெஹராஜ், தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறவள். அவளுடைய ஆறு வயது மகள் மிஸ்பாவுக்கு ஓயாமல் வயிற்றுவலி. படித்த எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தது. கோயமுத்தூர் டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஈயம் ஏறியிருக்கிறது என்றார். நிலக்கரிக்குள் ஈயம், பாதரசம், ஆர்செனிக் எல்லாம் துளித்துளியாக இருக்கும், எரித்தால் சாம்பலோடு பறந்து வரும், பிள்ளையைச் சாம்பல் படாத இடத்தில் வையுங்கள் என்றார். மெஹராஜ் நேராக வெள்ளை வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்கண்ணா, பகல்ல பாப்பா உங்க ஊட்டுல இருந்துக்கட்டுங்களா? இங்கதான் சாம்பல் உழுகறதில்லீங்க."

இருக்கட்டும் என்றார். மிஸ்பா தினமும் சிலேட்டோடு வந்து ஹாலில் உட்கார்ந்தாள். நேற்று எழுதிய 'அ'னாவை இன்றைக்குப் பார்த்து, இது என்ன எழுத்து மாமா என்று கேட்பாள். இருபது நாள் சொல்லிக்கொடுத்தார். இருபத்தோராம் நாளும் கேட்டாள். மருதாசலம் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அந்த வருடம் ஆபீசர்கள் வந்தபோது அவர் விறகு எடுக்கவில்லை. நிலக்கரியே போடச் சொன்னார். மெஷினைத் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு மெஹராஜ் வீட்டு மாடிப்படி ஏறினார். மறுநாள் தாள் கன்னங்கரேல் என்று இருந்தது. யாருடைய புகை என்று கேட்டார்கள். வீதியே கூடி நின்றது.

"என்னோடதுதானுங்க. பதினோரு வருசமா என்னோடதுதான்" என்றார்.

மெஹராஜ்தான், அவருக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"அது எங்க எல்லாத்துக்கும் முதல்லயே தெரியுமுங்கண்ணா. உங்ககிட்டச் சொல்றதுக்குத்தான் ஒரு மாதிரியா இருந்துதுங்க."

அவர் அதற்குப் பிறகு ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை.

பாய்லர் மறுபடி விறகுக்கு மாறியது. மில் பாதிதான் ஓடுகிறது. முப்பத்தெட்டு வீடுகளிலும் சாம்பல் நின்றுவிட்டது. மருதாசலத்தின் வீட்டில் மட்டும் அன்றிலிருந்து விழுகிறது. எந்தப் புகைபோக்கியிலிருந்தும் அல்ல, சும்மா வானத்திலிருந்து, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. பாவாத்தாள் கூட்டி அள்ளிவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மிஸ்பாவின் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். ஈயம் இறங்குகிறது, ஆனால் மெதுவாக, முழுக்க இறங்குமா என்று டாக்டருக்கே தெரியாது. அவளுக்கு 'ஈ' வரைக்கும் நிற்கிறது.

போன பொங்கலுக்கு முந்தின நாள், துவைத்துப் பிழிந்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மருதாசலம் மெஹராஜ் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றார்.

"அம்மணி, இதை உங்க மாடியில காயப்போட்டுக்கட்டுங்களா?"

"அதுக்கென்னங்கண்ணா, போட்டுக்குங்க" என்றாள் மெஹராஜ்.