குப்பைக்குப் போன நொதியம்

சுலக்சன் அன்றைக்குக் கண்டது உண்மை. அது நிரூபாவுக்கு விளங்க மூன்று வருசம் பிடித்தது.

உயிர்களுக்குள் இரசாயன மாற்றங்களை நடத்தும் புரதமான நொதியத்தின் மரபணுவை அங்கே இங்கே மாற்றி, ஆயிரக்கணக்கில் வகைகள் செய்து, இயற்கையில் எந்த உயிரும் போடாத இரசாயனப் பிணைப்பை எது போடுகிறது என்று தேடுவதுதான் அவளுடைய ஆய்வுகூடத்தின் வேலை. அங்கே படித்துக்கொண்டிருந்த சுலக்சன் ஒருநாள் சோதனைக் கருவி கீறின ஒரு வரைபைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அதில் எதிர்பாராத இடத்தில் சின்னதாய் ஒரு மேடு, ஏதோ புதுப் பொருள் உண்டானதற்கு அடையாளம். "ஒரு கிழமை தாங்கோ அக்கா, பார்த்திட்டுச் சொல்லுறன்" என்றான்.

வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கொடுக்கவேண்டிய எரிச்சல் அவளுக்கு. "உது கழுவாத குழாயின்ரை ஊத்தை. எறிஞ்சிட்டு வேலையைப் பாரும்" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். கழுவினதையே இரண்டாம்தரம் கழுவுகிற பிள்ளையிடம் போய் இந்தக் கதை! அவன் முகம் செத்துப்போனது. அடுத்த கோடையில் படிப்பை விட்டுவிட்டு மார்க்கம் நகரத்தில் கணினி வேலைக்குப் போய்விட்டான்.

போன தை மாதம் பழைய கோப்புகளை அழிக்க உட்கார்ந்தவள் அந்த வரைபைத் திறந்தாள். சும்மா ஒரு யோசனையில் அந்தப் பொருளின் மூலக்கூற்று நிறையைப் பார்த்தாள். ஊத்தையில்லை, தேடிய அதே பிணைப்பு.

அதைப் போட்ட நொதியம் எந்த வகை என்று எழுதிவைத்த குறிப்பு எதுவும் இல்லை. நாலு மாதம் திரும்பத் திரும்ப வகைகள் செய்து பார்த்தாள். ஆறாயிரம் வகைகளில் ஒன்றுகூட அந்தப் பிணைப்பைப் போடவில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு மார்க்கத்துக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் சுலக்சன் வந்து அவளுடைய காருக்குள் ஏறினான். அவள் அச்சடித்துக் கொண்டுவந்த வரைபை வாங்கிப் பார்த்தான்.

"பிழை என்ரைதான், மன்னிச்சுக்கொள்ளும்" என்றாள். "அந்த நொதியத்திலை ஒரு குழாயாவது ஒளிச்சு வைச்சிருப்பீரெண்டு வந்தன். படிக்கேக்கை பேராசிரியருக்குத் தெரியாமல் நானும் எத்தினையை ஒளிச்சனான்."

"இல்லை அக்கா. அந்தக் கிழமையே எறிஞ்சிட்டன்."

"நான் சொன்னதிலை உமக்குச் சந்தேகமே வரேல்லையோ?"

"எறியமுதல் நாலுதரம் செய்து பார்த்தனான். நாலுதரமும் அதே மேடு வந்தது." வரைபை மடித்து அவளிடம் கொடுத்தான். "நீங்கள் ஊத்தை எண்டு சொன்னாப்பிறகு, என்ரை கைதான் சரியில்லை எண்டு நினைச்சன். அதாலைதான் படிப்பை விட்டனான்."